குழலில் பொறித்த எண்

நமக்குச் சரித்திரம் போதிப்பது தொழில். இருபது வருஷமாகச் செய்து வருகிறோம். இதனால் நமக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. நான்கு இலக்கங்கள் எங்கேயாவது வரிசையாக நின்றால் போதும், அது வருஷம் என்று மனசு தீர்மானித்து விடும். மளிகைக் கடைச் சீட்டில் கூட்டுத் தொகை 1565 என்று விழுந்தால் "தலைக்கோட்டை" என்று வாய் முணுமுணுக்கும். பஸ் டிக்கெட்டில் 1526 என்று கண்டால் பானிபட் மைதானம் கண் முன்னே வரும். வீட்டில் உள்ளவர்கள் இதைப் பற்றிச் செய்யும் கேலிக்குக் கணக்கில்லை. வெறும் கேலியோடு நின்றிருந்தால் இதை இங்கே பிரஸ்தாபிக்க வேண்டியதில்லை. சென்ற ஆகஸ்டு மாதத்தில் இந்த வியாதி ஒரு குடும்பத்தின் காசு விஷயத்தில் போய்த் தலையிட்டு விட்டது.

செங்கற்பட்டில் நமது பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்தை ஒட்டி ஒரு சிறு காட்சி வைத்தோம். வீட்டில் இருக்கும் பழைய பொருள் எதுவானாலும் கொண்டு வாருங்கள் என்று மாணாக்கர்களுக்குச் சொல்லியிருந்தோம். பித்தளைக் கூஜா, மரக்கால், ராட்டை, ஓலைச் சுவடி, தாத்தாவின் மூக்குக் கண்ணாடி எல்லாம் வந்து சேர்ந்தன. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் வேஷ்டித் துணியில் சுற்றி ஒரு குழல் கொண்டு வந்தான். மாமல்லபுரத்துக்கு அருகில் கடலோரக் குப்பம் ஒன்றில் அவன் வீடு. தினம் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறி வருகிறவன்.

குழல் என்றதும் மூங்கில் குழலை நினைக்க வேண்டாம். இது பிக்கலோ. சீமைப் புல்லாங்குழலின் பாதி நீளம், அதாவது ஏறக்குறைய ஓர் அடி. ஒலி அதைவிட ஒரு ஸ்தாயி மேலே. கறுப்பாக இருந்திருக்க வேண்டிய உடம்பு பாசி படிந்த பழுப்பாக மாறியிருந்தது. அதன் மேல் ஜெர்மன் ஸில்வரில் விசைகள். மேற்பகுதியில் இங்கிலீஷ் எழுத்துக்கள் தேய்ந்து கிடந்தன. அவற்றின் கீழே, சந்தேகத்துக்கு இடமின்றி, நான்கு இலக்கங்கள்: 1857.

நேயர்களே, நமது நிலைமையை யோசித்துப் பாருங்கள். சுதந்திர தினக் காட்சி, சரித்திர வாத்தியார், 1857! எழுத்துக்களைப் படிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. "1857. முதல் சுதந்திரப் போர் நடந்த வருஷத்தில் செய்த ராணுவக் குழல். மாணாக்கனின் கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரு துரை மெச்சிக் கொடுத்தது" என்று கொட்டை எழுத்தில் அட்டை எழுதி நிறுத்தினோம். துரை மெச்சிக் கொடுத்த கதை பையன் சொன்னது. வருஷம் நம்முடைய உபயம்.

அட்டைக்கு நல்ல கியாதி உண்டாயிற்று. கைப்பேசிகளில் படம் பிடித்தார்கள். மூன்றாம் நாள் சென்னையிலிருந்து பழம் பொருள் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து, நாற்பதாயிரம் ரூபாய் கொடுப்பதாகப் பையனிடம் சொன்னார். பையனுடைய அக்காள் அந்த மாதந்தான் நர்ஸு படிப்பில் சேர்ந்திருந்தாள். கட்டணத்துக்கு அலைந்து கொண்டிருந்த வீட்டில் நாற்பதாயிரம் என்ற சொல் எப்படி ஒலித்திருக்கும் என்று நாம் வர்ணிக்கத் தேவையில்லை.

மறு நாள் ஒரு பெரியவர் பேரனைக் கையில் பிடித்துக் கொண்டு காட்சியைப் பார்க்க வந்தார். போலீஸ் பாண்டில் வெகு காலம் வாசித்து ஓய்வு பெற்றவர். அட்டையை ஒரு முறை படித்தார். குழலை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "ஸார், என் கிளாரினெட்டில் நாலு லட்சத்துச் சொச்சம் நம்பர் போட்டிருக்கும். அது எந்த வருஷம்?" என்று கேட்டார்.

நமக்கு முகம் சிவந்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "நம்பருக்கு மேலே விலாசம் இருக்கிறது, அதைப் படியுங்கள். ஆளின் வயசை அறியப் பெயரைக் கேட்டால் போதாது, ஊரையும் தெருவையும் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவே பூதக் கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தோம். எழுத்துக்கள் மெல்ல மெல்லத் தெளிந்தன: ருடால் கார்ட் அண்டு கம்பெனி, 23 பெர்னர்ஸ் தெரு, லண்டன். இந்தப் பெயர் குழல் உலகத்தில் சாமான்யமானதல்ல. மியூனிக் நகரத்தில் தியோபால்டு போம் என்று ஒருவர் இருந்தார். பொற்கொல்லர், குழல் வித்துவான், இரண்டுமாக இருந்தவர். புல்லாங்குழலில் துளைகளை விரல் எட்டும் இடத்தில் போடாமல், ஸ்வரம் கேட்கும் இடத்தில் போட வேண்டும் என்றும், விரல் எட்டாவிட்டால் விசை வைத்துக் கொள்ளலாம் என்றும் துணிந்தவர் அவர். 1832-ல் ஒரு மாதிரியும் 1847-ல் அதைவிடத் திருத்தமான மற்றொன்றும் செய்தார். இன்று மேல் நாட்டார் வாசிக்கும் குழல் இந்த இரண்டாவதன் சந்ததிதான். அதை இங்கிலாந்தில் செய்யும் உரிமையை வாங்கியவர்கள் ருடால், ரோஸ் என்ற கூட்டாளிகள். பின்னால் கார்ட் என்பவரும் சேர்ந்தார். 1857-ல் கம்பெனியின் பெயரில் ரோஸும் இருந்தார். பெர்னர்ஸ் தெருவுக்கு அவர்கள் குடி போனது 1878-ல். அதற்கு முன் கடை சேரிங் கிராஸில் இருந்தது.

ஆகவே, நம் கையிலிருந்த குழல் 1878-க்கு முன் செய்ததாக இருக்க முடியாது. சிப்பாய்கள் மீரத்தில் துப்பாக்கி தூக்கி இருபத்தொரு வருஷம் கழித்துத்தான் அந்தத் தெருவில் அந்தக் கடையே திறக்கிறது! நமது அட்டை என்ன ஆவது?

அப்படியானால் 1857 என்பது என்ன? அது பட்டறையின் வரிசை எண். குழல் முடிந்து வெளியே போகும்போது பேரேட்டில் இன்ன எண், இன்ன மரம், இன்ன விலை, இன்னார் வாங்கினார் என்று எழுதி, அதே எண்ணைக் குழலிலும் அடித்து விடுவார்கள். பேரேடு இருந்தால் எண் பேசும்; இல்லாவிட்டால் ஊமை. பேரேடு அழிந்து போன பட்டறைகளுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வேறு வழி செய்கிறார்கள். எப்போது செய்தது என்று ரஸீதினாலோ பரிசுப் பொறிப்பினாலோ நிச்சயமாகத் தெரிந்த குழல்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் எண்களை வரிசைப்படுத்தி, இடையில் விழும் எண்களுக்கு இடைப்பட்ட வருஷங்களை மதிப்பிடுகிறார்கள். பாரிஸில் 1855-ல் தனிக் கடை வைத்த லூயி லோ என்பவரின் குழல்களுக்கு எண்ணைக் கொண்டு வயது சொல்ல முடிகிறது. அவருடைய 1375-ஆம் எண் குழல் 1869-ல் முழுத் தங்கத்தில் செய்தது. 1948-ல் அது பிரெஞ்சு வித்துவான் ழான் பியேர் ராம்பாலின் கைக்கு வந்தது. அமெரிக்காவில் பவல் என்பவர் 1939-ஆம் வருஷத்து நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்காகப் பிளாட்டினத்தில் ஒரு குழல் செய்தார். அதன் எண் 365. 1986-ல் ஏலத்தில் அது ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் டாலருக்குப் போயிற்று. எண்ணைப் பார்த்துவிட்டு அதைச் செய்ய முழுசாக ஒரு வருஷம் பிடித்தது என்று எவரும் அட்டை எழுதி வைக்கவில்லை. அங்கே நம்மைப் போன்ற சரித்திர வாத்தியார் இல்லை போலும்.

இந்த எண் வித்தையில் குழிகள் அநேகம். ஒரே கம்பெனி பித்தளை வாத்தியங்களுக்கு ஒரு வரிசையும் மர வாத்தியங்களுக்கு வேறு வரிசையும் வைத்திருக்கும். லண்டன் பூஸி கம்பெனி அப்படித்தான் வைத்திருந்தது. எக்காளத்துக்கு என்று தயாரித்த அட்டவணையைக் குழலுக்குப் பார்த்தால், தாத்தாவைப் பேரனாக்கி விடுவோம். ஆகையால் எண்ணை மட்டும் கேட்காமல், சுற்றியுள்ள சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும். வெள்ளிக் குழலானால் விஷயம் சுலபம். லண்டன் முத்திரைச் சாலையில் வெள்ளிக்கு முத்திரை போடும்போது வருஷத்துக்கு ஓர் எழுத்து என்று மாற்றி மாற்றி அடிப்பார்கள். அந்த எழுத்தைப் பார்த்தால் வருஷம் தெரிந்து விடும். நம்முடைய குழலில் வெள்ளி கிடையாது. உடம்பு மரமுமல்ல. உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து மோந்து பார்த்தோம். கந்தக வாசனை அடித்தது. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துக் காய்ச்சி இறுக்கிய எபனைட் என்ற பொருள் அது. வெயிலும் வெளிச்சமும் பட்டால் கறுப்பு மங்கிப் பாசிப் பழுப்பாகும். உஷ்ண தேசத்தில் மரக் குழல் வெடித்து விடும் என்பதால் இந்தியா போன்ற நாடுகளுக்கு இதைச் சிபாரிசு செய்தார்கள்.

போலீஸ் பாண்டுப் பெரியவரை வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுக் கொண்டு, மறுபடியும் அழைத்து வந்தோம். பாதி விசைகள் எழும்பவில்லை. கடற்காற்றில் உப்பு ஏறி, விசையைத் தூக்கி நிறுத்தும் எஃகுக் கம்பிகள் துருப்பிடித்து முறிந்திருந்தன. இருந்தாலும் திறந்த துளைகளில் இரண்டு மூன்று ஸ்வரங்களை ஊதிக் காட்டினார். பள்ளிக்கூடத்து ஹார்மோனியத்தில் அதே ஸ்வரத்தை அழுத்தினோம். காது கூசிற்று. குழல் மேலே நின்றது. அரை ஸ்வரத்தில் பாதி அளவு மேலே. பெரியவர் தலையை ஆட்டினார். "பழைய ராணுவச் சுருதி" என்றார். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் 'ஏ' என்ற ஸ்வரத்துக்குச் செகண்டுக்குச் சுமார் 452 அசைவுகள் வைத்திருந்தார்கள். இப்போது உலகெங்கும் 440. கச்சேரி மண்டபங்கள் 1896 முதலே இறங்கிவிட்டன. பட்டாளத்துப் பாண்டுகள் மட்டும் பிடிவாதமாக 1920-களின் கடைசி வரையில் மேலேயே நின்றன. ஆகவே 1878-க்குப் பின்னே என்று ஒரு கரை கண்ட நாம், ஏறக்குறைய 1930-க்கு முன்னே என்று மறு கரையும் கண்டோம்.

இன்னொரு சாட்சியைப் பெரியவர்தான் காட்டினார். கீழ்ப் பகுதியின் அடி வளையத்தில் ஊசி முனையளவில் இரண்டு அம்புக் குறிகள். ஒரு அம்பு இருந்தால் பிரிட்டிஷ் சர்க்கார் சொத்து என்று அர்த்தம். இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டிக் கொண்டிருந்தால், கழித்து விற்றுவிட்ட சாமான் என்று அர்த்தம்.

விற்ற சாமான்! அப்படியானால் துரை மெச்சிக் கொடுத்த கதை?

பட்டாளத்துக் குழலுக்கும் நமது ஜில்லாவுக்கும் உள்ள சம்பந்தம் இந்தப் பையன் வீட்டோடு தொடங்கியதல்ல. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் குடும்பம் மணலியில் வசித்த காலத்தில் கும்பெனிப் பட்டாளத்துப் பாண்டு மெட்டுக்கள் அவர் காதில் விழுந்து, "நோட்டு ஸ்வரம்" என்று இன்றும் குழந்தைகள் பாடும் உருப்படிகளாயின. அந்த மணலி அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லா. பரங்கிமலையும் பல்லாவரமும் பட்டாளம் தங்கிய இடங்கள். அவையும் அந்நாளில் நமது ஜில்லாவே. அங்கே கழித்த வாத்தியங்கள் கலியாணப் பாண்டுக்காரர்களின் கைக்கு வருவதில் ஆச்சரியமில்லை.

இதற்குள் வியாபாரி மறுபடியும் வந்தார். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னோம். அவர் அசையவில்லை. "வாத்தியாரையா, எண் 1857 என்பது பொய்யா? இல்லையே! எண் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் காகிதத்தில், '1857 என்று பொறித்த ராணுவக் குழல்' என்று இரண்டு வரி எழுதி முத்திரை போட்டுக் கொடுங்கள். நாற்பதாயிரம் அப்படியே தருகிறேன். காகிதம் இல்லாவிட்டால் ஆறாயிரத்துக்கு மேல் தாங்காது" என்றார்.

அந்த வாக்கியத்தில் பொய் ஒரு சொல் கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இலக்கணப் பிழையும் இல்லை. இலக்கியத்தில் இதற்குச் சிலேடை என்று பெயர். வியாபாரத்தில் வேறு பெயர். இரண்டு வரிக்கு முப்பத்து நாலாயிரம் ரூபாய் வீதம் நமது கைழுத்துக்கு இதற்கு முன் யாரும் கொடுக்க முன்வந்ததில்லை. இனியும் வரப் போவதில்லை. பணமும் நமக்கல்ல, நர்ஸுப் படிப்புக்கு. ஓர் இரவு முழுதும் தூக்கமில்லை என்பதை ஒப்புக் கொள்கிறோம். அட்டை எழுதும்போது இல்லாத யோசனை காகிதம் எழுதும்போது எங்கிருந்தோ வந்து விடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பையன் வீட்டுக்குப் போனோம். தாயார் கருவாடு விற்கப் போயிருந்தாள். தகப்பனார் படகோடு வரவில்லை. திண்ணையில் பாட்டி வலை முடிந்து கொண்டிருந்தாள். குழலை அவள் முன் வைத்து, நாம் செய்த தப்பு, விலாசம், சுருதி, இரண்டு அம்பு எல்லாவற்றையும் சொன்னோம். துரை கொடுத்த பரிசாக இது இருக்க முடியாது என்று சொல்லும்போது குரல் நமக்கே கேட்கவில்லை.

பாட்டி நிமிர்ந்து பார்த்தாள். "துரை கொடுத்தார்னு யாரு சொன்னது? என் மாமனாரு பரங்கிமலை ஏலத்துலே எடுத்தாரு. இதுக்கு வாங்கின கடனை அடைக்க ரெண்டு வருஷத்து முகூர்த்தக் காசு போச்சுன்னு என் மாமியா சொல்லிச் சொல்லி அழும். ஏலத்துலே எடுத்தேன்னு சொன்னா எவன் கலியாணத்துக்குக் கூப்பிடுவான்? துரை கொடுத்தார்னு சொன்னா செட்டுக்கு நாலு ரூபா கூடக் கிடைக்கும். அதுக்குத்தான் ஐயா அப்படிச் சொல்லிக்கிட்டாங்க" என்றாள்.

பையன் வாயைத் திறந்தபடி நின்றான்.

நாம் காகித விஷயத்தையும் சொன்னோம். நாற்பது, ஆறு என்ற இரண்டு தொகைகளையும் சொன்னோம். பாட்டி வலையை முடிந்து கொண்டே வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "காசு கொடுத்து வாங்கின சாமானுக்குப் பொய்க் காகிதம் என்னத்துக்கு? சீட்டு எடுத்துக்கலாம்" என்றாள். அப்படியே சீட்டுப் பணத்தைக் கழிவுக்கு எடுத்துக் கட்டணம் கட்டினார்கள். கழிவு மூவாயிரத்து ஐந்நூறு. அதில் பாதியாவது நாம் கொடுப்பது நியாயம் என்று சொல்லிப் பார்த்தோம். பாட்டி நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மோர் கொண்டு வரச் சொன்னாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பையனையும் அழைத்துக் கொண்டு மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்துக்குள் நுழைந்தோம். கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கும் கண்ணனை எல்லோரும் பார்ப்பார்கள். சற்று ஒதுங்கி, மாடுகளின் பக்கத்தில் குழல் ஊதுகிற இடையனைப் பார்ப்பவர் சிலரே. அந்தக் கல் குழலுக்கு எண் கிடையாது; செய்த சிற்பியின் பெயரும் கிடையாது. முதல் நரசிம்மவர்மன் காலத்தது என்று சிலர் சொல்ல, மாமல்லபுரத்து வேலை முழுவதுமே ராஜசிம்மனுடையது என்று 1962-ல் இரா. நாகசாமி வாதித்தார். இன்னும் வழக்கு தீரவில்லை. நமது மூங்கில் குழலிலும் எண் போடுவதில்லை. முப்பத்திரண்டே வயசு வாழ்ந்த கும்பகோணம் சரப சாஸ்திரிகள் ஊதிய குழலுக்கு என்ன நம்பர் என்று யார் கேட்டார்கள்? செய்கிறவர்கள் அதன் மேல் எத்தனை கட்டைச் சுருதி என்று குறித்து வைப்பார்கள், அவ்வளவே. வாசிக்கிறவனுக்குக் குழலின் சுருதி வேண்டும். அதன் ஜாதகம் எதற்கு? பையனிடம் இதைச் சொன்னபோது, "அப்படின்னா நம்பர் யாருக்கு ஸார் வேணும்?" என்று கேட்டான். கணக்குப் பிள்ளைக்கு என்றோம். "அப்புறம் நமக்கு" என்று அவனே சேர்த்துக் கொண்டான்.

கணக்குப் பிள்ளையின் கணக்கு முற்றும் அழிந்து விடவில்லை. ருடால் கார்ட் கம்பெனியைப் பின்னாளில் பூஸி அண்டு ஹாக்ஸ் கம்பெனி வாங்கிக் கொண்டது. அவர்களுடைய வாத்தியச் சேகரமும் பழைய ஏடுகளும் 2004-ல் லண்டன் ஹார்னிமன் காட்சிசாலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 1857-ஆம் எண்ணுக்கு எதிரே பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறோம். பதில் வரவில்லை.

சென்ற வாரம் பெரியவர் குறடும் அரமும் எடுத்துக் கொண்டு நம்மோடு குப்பத்துக்கு வந்தார். முறிந்த கம்பிகளுக்குப் பதிலாக வேறு எஃகு வேண்டும் என்றார். பாட்டி உள்ளே போய்த் தையல் ஊசிப் பொட்டலத்தைக் கொண்டு வந்தாள். ஊசிகளை விளக்குச் சுடரில் நீலம் ஏறும் வரை காட்டி, அளவாக முறித்து, ஒவ்வொன்றாகச் செருகினார். விசைகள் துள்ளி எழுந்தன. கடற்கரைப் பக்கம் திரும்பி நின்று அவர் ஊதியபோது, சுருதி மேலே இருக்கிறது என்று சொல்ல அங்கே ஹார்மோனியம் இல்லை.

பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிய அட்டையைப் பையனையே எழுதச் சொன்னோம். அவன் எழுதியது இது: "பிக்கலோ. லண்டனில் செய்தது, 1878-க்குப் பிறகு. என் கொள்ளுத் தாத்தா பரங்கிமலை ஏலத்தில் கடன் வாங்கி எடுத்தது. கடன் அடைந்து விட்டது." எண்ணை அவன் கடைசியில், சிறிய எழுத்தில் போட்டிருந்தான்.